நன்னூலார் நம் விழாவுக்கு வந்தால்

வெளிமாநிலத் தமிழ்ச் சங்க விழாக்களில் ஒரு காட்சி பெரும்பாலும் மாறுவதில்லை. பிள்ளைகளின் நடனம் முடியும்வரை அரங்கம் நிறைந்திருக்கும். "அடுத்து சிறப்புரை" என்று அறிவித்ததும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். பாதிப் பேர் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவார்கள். மீதிப் பேர் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள். "நம்ம ஜனங்களுக்குத் தமிழ்ப் பற்றே இல்லீங்க" என்று மேடையில் இருப்பவர் வருந்துவார். இந்த வருத்தம் நியாயந்தானா?

நாற்பது வருஷமாகக் கடை நடத்துகிறவன் நான். சரக்கு போகவில்லை என்றால் வாடிக்கைக்காரரைத் திட்டி என்ன பிரயோஜனம்? சரக்கைத்தான் பார்க்க வேண்டும். நமது இலக்கண ஆசிரியர் ஒருவரும் இதையே செய்திருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, சமண முனிவர் பவணந்தியார் நன்னூலை இயற்றினார். அதன் பாயிரம், பாடம் சொல்பவர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசுகிறது. வகுப்புக்குச் சொன்னதுதான், ஆனாலும் மேடைக்கு அச்சாகப் பொருந்துகிறது.

ஆசிரியராகத் தகாதவருக்கு அவர் நான்கு உவமைகள் தருகிறார். முதலாவது கழற்குடம். கழற்சிக்காயைப் போட்டு வைத்த குடத்தைக் கவிழ்த்தால், போட்ட வரிசையில் காய் வராது. சங்க காலத்தில் தொடங்கி, பாரதிக்குத் தாவி, நடுவே தன் வெளிநாட்டுப் பயணத்தையும் சொல்லும் பேச்சாளர் இவ்வகை. இரண்டாவது மடற்பனை. கருக்கு மட்டை இருப்பதால் கிட்டே போக முடியாது. தானாக விழுந்த பழம்தான் நமக்கு. அருஞ்சொற்களையே அடுக்கி, ஒன்றுக்கும் பொருள் சொல்லாதவர் இவர். மூன்றாவது பருத்திக் குண்டிகை. பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைக்க முடியும், எடுப்பதும் அப்படியே. தாளைக் குனிந்து பார்த்து, தடவித் தடவிப் படிப்பவர் இவர்.

நான்காவதுதான் நம்மை நேராகச் சுடுகிறது. அது முடத்தெங்கு. தண்ணீர் ஊற்றுவது ஒருவர். வளைந்த தென்னை காயைப் போடுவதோ அடுத்த வீட்டு முற்றத்தில். சந்தா கட்டி, பந்தல் போட்டு, ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வருவது நம் குடும்பங்கள். பேச்சோ முன்வரிசையில் உள்ள பிரமுகரைப் பார்த்தே போகிறது. பொன்னாடை, நினைவுப் பரிசு, பதவிகளை விளித்து விளித்து வரவேற்பு என்று அரை மணி கழிந்தால், பின்வரிசைக்குக் கிடைப்பது என்ன? எழுந்து போகிறவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"நகைச்சுவைப் பட்டிமன்றம் வைத்தால் கூட்டம் நிற்குதே!" என்பார் சிலர். நிற்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கேட்பவரிலும் நெய்யரி போன்றவர் உண்டு என்கிறது நன்னூல். நெய் வடிகட்டும் பன்னாடை, நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் பேசுபவர் ஊற்றியதே மாமியார் ஜோக் மட்டும் என்றால், பன்னாடையின் மேல் பழி போடுவது எப்படி? கூட்டம் உட்கார்ந்திருப்பது வேறு, வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோவது வேறு.

ஓரிடத்தில் மட்டும் நான் நன்னூலாரோடு ஒத்துப்போக முடியவில்லை. மாணாக்கரை அவர் தரம் பிரிக்கிறார். பாடம் சொல்லத் தகாதவர் இன்னார் என்றும் ஒதுக்குகிறார். சங்கத்துக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. தாத்தா, இந்தியில் படிக்கும் பேரன், தமிழ் எழுத்துத் தெரியாத மருமகள், எல்லாரும் ஒரே அவையில் இருக்கிறார்கள். எங்கள் சமண மரபில் சமவசரணம் என்று ஒன்று சொல்வார்கள். அது தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவை. தேவர், மனிதர், விலங்குகள் எல்லாம் அங்கே கூடியிருக்கும். அவ்வுரை ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் மொழியில் விளங்குமாம். அவ்வளவு நம்மால் ஆகாது. ஆனால் ஒரு குறளுக்கு இந்தியில் இரண்டு வரி விளக்கம் சொல்ல முடியாதா?

அதற்கும் வழி அந்தப் பாயிரத்திலேயே இருக்கிறது. காலமும் இடமும் அறிவது, சொல்லப்போவதை முன்பே மனத்தில் ஒழுங்குபடுத்துவது, முகம் மலர்ந்து சொல்வது, கேட்பவர் கொள்ளும் திறமறிந்து கொடுப்பது. நல்லாசிரியருக்கு அவர் சொன்ன உவமைகளில் நிறைகோலும் ஒன்று. தராசு முன்வரிசைக்கு ஒரு எடை, பின்வரிசைக்கு ஒரு எடை காட்டாது. வியாபாரிக்கு இது உடனே புரியும்.

இதில் விழா நேரம் மட்டும் வீணாகவில்லை. நம் பிள்ளைகளில் பலர் வீட்டுக்கு வெளியே நல்ல தமிழ்ப் பேச்சைக் கேட்பது வருஷத்தில் இந்த ஒரு நாள்தான். தமிழ் என்றால் எழுந்து வெளியே போகிற நேரம் என்று அன்றைக்கு அவர்கள் படித்துக்கொண்டால், இருபது வருஷம் கழித்து நம் சங்கத்தில் மேடை இருக்கும், மைக் இருக்கும். கேட்க ஆள் இருக்காது. ஆகவே விழாக் குழுவினருக்கு என் வேண்டுகோள் இதுதான்: சிறப்புரையைப் பிள்ளைகள் நிகழ்ச்சிகளுக்கு நடுவே வையுங்கள், இருபது நிமிஷம், ஒரே பொருள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பேசுபவர் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்துப் பேசட்டும்.