போனை எடுப்பது யார்?

விண்டோஸா, லினக்ஸா என்பது எம்.ஜி.ஆரா, சிவாஜியா போல ஓயாத சண்டை. இரண்டு கட்சிக்காரர்களும் சாட்சிக்குக் கூப்பிடும் ஆசாமி ஒருவர்தான்: லண்டன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச்.

2007 ஜூனில் அங்கே 'டிரேட்எலெக்ட்' என்ற புது வர்த்தக சிஸ்டம் வந்தது. அடியில் விண்டோஸ் சர்வர் 2003, அதன்மேல் டாட்நெட். ஆர்டர் போட்டால் சுமார் 10 மில்லி செகண்டில் பதில். அதாவது, செகண்டில் நூற்றில் ஒரு பங்கு. 'நம்பகத்துக்காக லண்டன் எங்களைத்தான் தேர்ந்தெடுத்தது, லினக்ஸை அல்ல' என்று மைக்ரோசாஃப்ட் விளம்பரமே போட்டது.

2008 செப்டம்பர் 8, திங்கட்கிழமை. ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற இரு பெரிய வீட்டுக்கடன் கம்பெனிகளை முந்தின நாள்தான் அமெரிக்க அரசு தன் பொறுப்பில் எடுத்திருந்தது. பங்குகள் எகிறின. லண்டனிலோ சுமார் ஏழு மணி நேரம் வியாபாரம் முடங்கிக் கிடந்தது. வாங்க நினைத்தவர் வாங்க முடியவில்லை. விற்க நினைத்தவர் விற்க முடியவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் துணிக்கடை ஷட்டர் சிக்கிக்கொண்ட மாதிரி.

'பார்த்தீர்களா!' என்றார்கள் லினக்ஸ்காரர்கள். 2009-ல் எக்ஸ்சேஞ்ச், இலங்கையின் மில்லெனியம் ஐடி கம்பெனியையே 3 கோடி டாலருக்கு வாங்கியது. 2011 பிப்ரவரி 14-ல் அவர்களுடைய லினக்ஸ் சிஸ்டத்துக்கு மாறியது. தாமதம் மைக்ரோ செகண்ட் கணக்குக்கு இறங்கியது.

ஆக, ஜெயித்தது லினக்ஸா? அவசரப்படாதீர்கள். மாறியது ஆபரேட்டிங் சிஸ்டம் மட்டுமில்லை. புரோகிராம், அது எழுதப்பட்ட மொழி, எழுதிய ஆட்கள் எல்லாமே மாறின. சமையல்காரர், பருப்பு, பாத்திரம் அத்தனையும் மாற்றிவிட்டு, சாம்பார் ருசிக்கு அடுப்புதான் காரணம் என்றால் எப்படி? போதாக்குறைக்கு, மாறிய பதினோராம் நாளே, பிப்ரவரி 25 அன்று, புது சிஸ்டமும் சில மணி நேரம் படுத்துக்கொண்டது.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முதலாவது, சராசரி வேகம் அல்ல. மோசமான கணத்தில் எவ்வளவு தாமதம்? டாட்நெட் அவ்வப்போது மெமரியைப் பெருக்கித் துடைக்கக் கொஞ்சம் நிற்கும். ஆபீஸ் கணக்குக்கு அது தெரியாது. சந்தை கொந்தளிக்கும்போது அந்தக் கொஞ்சத்தில் விலையே மாறிவிடும்.

இரண்டாவது, கோளாறு வந்தால் திறந்து பார்க்க முடியுமா? இங்கேதான் லினக்ஸுக்கு நிஜமான சாதகம். உள்ளே நடப்பதைப் படிக்கலாம், வேண்டாததைக் கழற்றி வைக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். டிரேட்எலெக்ட்டை லண்டனுக்குக் கட்டிக் கொடுத்தது அக்செஞ்சர் என்ற வெளி கம்பெனி. 2009-ல் லண்டன் விலைகொடுத்து வாங்கியது வெறும் சாஃப்ட்வேரை அல்ல, அதை எழுதியவர்களையும் சேர்த்துத்தான். விளம்பரங்களும் சரி, லினக்ஸ் பக்தர்களும் சரி, இதைச் சொல்வதே இல்லை.

'இவ்வளவு பெரிய கம்பெனியே எங்களிடம்தான் வாங்குகிறது' என்று யாராவது உங்களிடம் சர்வர் விற்க வந்தால், ஒன்றே ஒன்று கேளுங்கள்: சிஸ்டம் நின்றுபோனால், போனை எடுப்பவர் அதை எழுதியவரா, விற்றவரா?