சேமிப்பு வழங்கிக் கலைச்சொற்களில் ‘நகல்’

வலையமைப்புச் சேமிப்பு வழங்கிகளின் நிர்வாகம் குறித்த கையேடுகளைத் தமிழாக்குவோர் மிரர், ஸ்னாப்ஷாட், பேக்கப் ஆகிய மூன்று சொற்களையும் அடுத்தடுத்து எதிர்கொள்கின்றனர். இவற்றைப் பிம்ப நகல், கணநேர நகல், காப்பு நகல் என அடைமொழியால் மட்டும் வேறுபடுத்தி, ‘நகல்’ என்னும் ஒரு சொல்லின்கீழ் அடக்கும் போக்கு உண்டு. எளிமை கருதி எழுந்த இப்போக்கு கருத்தளவில் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

மிரர் என்பது ஒரே தரவை இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வட்டுகளில் ஒருசேர எழுதும் முறை. பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகியோர் 1988-இல் ரெய்ட் அமைப்புகளை நிலைவாரியாக வகுத்த கட்டுரையில் இதுவே முதல் நிலையாகும். இங்கு மூலம், நகல் என்ற முன்பின் உறவே இல்லை. ஒரு வட்டு பழுதுற்றால் மற்றது பணியைத் தொடரும். ஆயின் பயனர் ஒரு கோப்பைத் தவறுதலாக அழிப்பின் அது எல்லா வட்டுகளிலும் அழியும். (அவர்கள் ‘மலிவான’ வட்டுகள் என்றனர், அவ்வடை பின்னர்த் ‘தனித்த’ வட்டுகள் என மாறிற்று. விரிவை மொழிபெயர்க்காமல் ரெய்ட் என்றே ஆள்வது நன்று.)

ஸ்னாப்ஷாட் இன்னும் நுட்பமானது. குறிபார்க்கப் பொழுதின்றிச் சட்டெனச் சுடுதலைக் குறித்த வேட்டைச்சொல் ஒளிப்படத் துறைக்குச் சென்று, பின் கணினிக்கு வந்தது. நெட்ஆப் நிறுவனத்தின் வழங்கிகளிலும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-இல் மூலநிரலை வெளியிட்ட இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையிலும் இது செயற்படும் விதம் கருதத்தக்கது. குறித்த கணத்தில் தரவு எதுவும் படியெடுக்கப்படுவதில்லை. பின்வரும் மாற்றங்கள் வேறு இடத்தில் எழுதப்பட, பழைய தரவுத் துண்டுகள் விடுவிக்கப்படாமல் நிற்கின்றன, அவ்வளவே. ஆதலின் தொடக்கத்தில் இது ஏறத்தாழ இடமே கொள்வதில்லை. வட்டுத் தொகுதி அழியின் உடன் அழிகிறது. ‘நகல்’ என்று படிப்பவர் இவ்விரண்டிற்கும் நேர்மாறாகவே எண்ணுவார். காப்பு உள்ளதென நம்பி, எடுக்க வேண்டிய காப்பை எடுக்காமலும் விடுவார்.

பேக்கப் ஒன்றே, வேறு ஊடகத்தில், இயன்றவரை வேறு இடத்தில் வைக்கப்படும் உண்மையான நகல். ஏட்டுச்சுவடி மரபு இதற்குப் ‘படி’ என்னும் சொல்லை முன்னரே தந்துள்ளது. எனவே பேக்கப்பைக் ‘காப்புப்படி’ என்றும், மிரரை ‘இணைப்பதிவு’ என்றும், ஸ்னாப்ஷாட்டைக் ‘கணநிலை’ என்றும் ஆளலாம். கணநிலையை ‘எடுத்தல்’ என்னாது ‘குறித்தல்’ என்பது தகும்.

மௌண்ட் என்பதை ‘ஏற்றுதல்’ எனல் நாடாச் சுருளை இயக்கியில் ஏற்றிய காலத்திற்குப் பொருந்தும். பதிவேற்றத்தோடு மயங்கும் இன்று ‘பொருத்துதல்’, ‘கழற்றுதல்’ என்னும் இணையே தெளிவு.

பெயர்களினும் இடர் மிக்கது ‘மீட்டல்’ என்னும் வினை. காப்புப்படியிலிருந்து ஒரு கோப்பைத் திரும்பப் பெறுவதும், தொகுதி முழுவதையும் முந்தைய கணநிலைக்குத் திருப்புவதும் இச்சொல்லாலேயே சுட்டப்படுவதுண்டு. முன்னது இழந்ததைத் தருவது. பின்னது அக்கணத்திற்குப் பின் எழுதப்பட்ட அனைத்தையும் நீக்குவது. பின்னதற்குப் ‘பின்திருப்பல்’ எனத் தனிச்சொல் வேண்டும்.