ஈழத்துப் பொப்பிசையும் நமது திறனாய்வும்

ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசைப் பாடல்கள் சிலவற்றைக் கறுப்பு இசைத்தட்டிலேயே ஊசி ஓடக் கேட்கும் வாய்ப்பு அண்மையிற் பருத்தித்துறையில் நமக்குக் கிட்டியது. நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’, ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஆகிய இப்பாடல்களை அறியாத தமிழர் இந்நாட்டில் இருத்தல் அரிது. கலியாண வீட்டிலும் சுற்றுலா பஸ்ஸிலும் கல்லூரி ஒன்றுகூடலிலும் அரை நூற்றாண்டாக அவை ஒலித்து வருகின்றன. ஆயினும், எல்லோரும் கேட்ட பாடலை எவரும் கவனித்துக் கேட்பதில்லை என்பதும் உண்மையே. இருபது பேர் கைதட்டிப் பாடும்போது மறைந்துவிடும் ஒன்று, ஓர் அறையில் அமர்ந்து கேட்கும்போது வெளிப்படுகிறது. இவை யாரோ சிலர் ஆராய்ந்து ஆக்கிய படைப்புகள் என்பதே அது. படைப்பு என்று ஒப்புக்கொண்டால் அதனை மதிப்பிடும் கடமையும் நமக்கு வந்துவிடுகிறது.

இத்தகைய பாடல்களைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வதே தகாது என்பாரும் உளர். இவை மேனாட்டு மோகத்தின் விளைவு, உழைக்கும் மக்களின் துன்பத்தை மறக்கச்செய்யும் களியாட்டம், கிற்றார் தூக்கிய மத்தியதர வர்க்க இளைஞரின் பொழுதுபோக்கு என்பது அவர்களது வாதம். இதில் ஒரு பகுதி உண்மை உண்டு. அதனைப் பின்னர் பார்ப்போம். ஆனால் ‘மேனாட்டு மோகம்’ என்ற குற்றச்சாட்டு மட்டும் வரலாற்றின் முன் நிற்காது.

ஏனெனில் இப்பாடல்களின் அடித்தளம் பைலாத் தாளம். ‘பைலா’ என்னும் சொல், ஆடுதலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்தது. 1505இல் இத்தீவுக்கு வந்த போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தினர். அவர்களோடு ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களின் ஆட்டமும் தாளமும் புத்தளக் கரையில் வேரூன்றின. மட்டக்களப்புப் பறங்கியரின் வீடுகளில் வேறொரு வடிவில் வாழ்ந்தன. கோட்டை கட்டியவன் போய்விட்டான்; அடிமையாக வந்தவனின் கைத்தாளம் நின்றுவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் வோலி பஸ்தியான் அதனைச் சிங்களப் பாட்டாக்கி மக்களிடையே பரப்பினார். 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் ‘மூன்ஸ்ரோன்ஸ்’ குழுவினரும் மின் கிற்றாரைச் சிங்கள மெல்லிசைக்குள் கொண்டுவந்தனர். தமிழ்ப் பொப்பிசை இவ்விரு ஊற்றுக்களிலிருந்தும் நீர் எடுத்தது. ஆகவே இது இலண்டனிலிருந்து நேற்று இறங்கிய சரக்கன்று. பருத்தித்துறை வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தமிழில் பருத்தி ஏற்றிய துறை. ஐரோப்பியரின் நாவில் ‘பொயின்ற் பீற்றர்’ அல்லது ‘பொயின்ற் பெட்ரோ’. பீற்றர் என்ற எவருக்கும் இதில் தொடர்பில்லை. ‘கற்களின் முனை’ என்ற போர்த்துக்கேயப் பெயரின் திரிபே அது. ஊரின் பெயரிலேயே போர்த்துக்கேயனை நானூறு ஆண்டுகளாகச் சுமந்துவிட்டு, பாட்டில் மட்டும் அவனது நிழலைக் கண்டு நாம் முகஞ்சுளிப்பது வேடிக்கை.

இனிப் பாடல்களுக்கு வருவோம். ‘சின்ன மாமியே’ ஓர் உரையாடல். மருமகன் மாமியிடம் அவள் மகளைப் பற்றி விசாரிக்கிறான். பள்ளிக்கூடம் போய்விட்டாளோ என்று கேட்கிறான். மாமி அவனைப் புகழ்ந்து வரவேற்றபடியே, ஆம், படிக்கத்தான் போய்விட்டாள் என்கிறாள். நாட்டார் பாடல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் மச்சான்–மச்சாள் பரிகாசம் இது. ஆயினும் அந்தப் பழைய வாய்பாட்டுக்குள் ஒரு புதிய செய்தி புகுந்திருக்கிறது. முறைப்பெண் கிணற்றடியிலும் இல்லை, அடுப்படியிலும் இல்லை; அவள் வகுப்பறையில் இருக்கிறாள். 1945இல் இலவசக் கல்வி வந்து இருபது ஆண்டுகள் கழிந்த யாழ்ப்பாணம் இது. உறவுமுறையால் வந்த உரிமையும் படிப்பால் வந்த தகுதியும் ஒரு வீட்டு முற்றத்தில் நேருக்கு நேர் நிற்கும் கணத்தை இப்பாட்டுப் பிடித்திருக்கிறது. அதனை அது சிரித்துக்கொண்டு சொல்கிறது என்பதனால் அதன் உண்மை குறைந்துவிடாது. படிக்கப் போன அந்தப் பெண்ணுக்கு அப்பாட்டிற் குரல் இல்லை என்பதையும் நாம் கவனித்தாக வேண்டும். மருமகன் பாடுகிறான், மாமி பாடுகிறாள். பேசப்படுபவள் வாய் திறக்கவில்லை.

இசைத்தட்டு என்ற பொருளுக்கும் இவ்வடிவத்திற்கும் தொடர்பு உண்டு. நிமிடத்திற்கு 45 தடவை சுழலும் ஏழு அங்குலத் தட்டு 1949இல் அமெரிக்காவிற் சந்தைக்கு வந்தது. அதன் ஒரு பக்கம் சில நிமிடங்களுக்கு மேல் இடங்கொடாது. எனவே உலகெங்கும் பொப்பிசை சுருங்கச் சொல்லவும் பல்லவிக்கு விரைந்து திரும்பவும் பழகிக்கொண்டது. விடியவிடிய ஆடும் கூத்துக்குப் பழகிய நமது செவிக்கு இது பெரிய மாற்றம். அக்காலத்திலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலிய கூத்துகளை நகர மேடைக்கேற்பச் சுருக்கி அளித்தார். அறிஞர் உலகம் அதனைப் போற்றியது, போற்றியது முறையே. மக்கள் கலையைப் புதிய சாதனத்திற்கேற்ப மாற்றிய மற்றொரு முயற்சி வானொலியிலும் இசைத்தட்டிலும் நடந்தது. அதற்கு அத்தகைய வரவேற்புக் கிட்டவில்லை. பேச்சுவழக்கில் எழுதிய சிறுகதையைப் பண்டிதர் ‘இழிசனர் இலக்கியம்’ என்று பழித்தபோது டானியலுக்கும் டொமினிக் ஜீவாவுக்கும் துணைநின்று வாதாட ஆட்கள் இருந்தனர். கிற்றாருக்கு அத்தகைய வழக்கறிஞர் வாய்க்கவில்லை.

ஆனால் வழக்கறிஞராக வந்தவர் கட்சிக்காரரின் குறையை மறைக்க வேண்டியதில்லை. ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். ஆட்டத்துக்கென்றே பிறந்த தாளத்தில் மதுவிலக்கைப் பாடியது ஒரு குறும்பு. குடித்தவனும் அதே பாட்டுக்கு ஆடுகிறான் என்பது அக்குறும்பின் வெற்றி. (யாழ்ப்பாணத்தில் ‘தவறணை’ என்பதே வழக்கு, ‘கள்ளுக்கடை’ என்று பாடியமையால் பாட்டு ஆனையிறவைத் தாண்டியும் செல்ல முடிந்தது.) எனினும் அதன் பார்வை முழுவதும் குடிப்பவன் மீதே தங்கிவிடுகிறது. விடியற்காலையில் பனையேறி முட்டி கட்டுபவன் அதில் இல்லை. அவன் சந்தித் தேநீர்க் கடையில் மற்றவருடன் சமமாக இருந்து குடிக்க முடியாத காலம் அது. 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலிற் போராட்டம் நிகழ்ந்தது. அந்த ஆண்டுகளின் பொப்பிசைத் தட்டுகளிற் கிணறு, பள்ளிக்கூடம், மீன் சந்தை எல்லாம் கேட்கலாம். கோயில் வாயில் கேட்காது. களியாட்டம் என்ற குற்றச்சாட்டில் உள்ள உண்மைப் பகுதி இதுவே என்று நாம் கருதுகிறோம்.

‘சுராங்கனி’யின் நிலை வேறு. சுராங்கனி என்ற பெண்ணுக்கு மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் இச்சிங்களப் பாட்டைத் தமிழரான மனோகரன் பாடிப் பரப்பினார். தமிழும் அதனுட் புகுந்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ என்ற தமிழகத் திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் அது இடம்பெற்றது. ‘சிலோன் மனோகர்’ என்று தமிழகம் அழைத்த அவரே, செங்கை ஆழியானின் நாவலிலிருந்து உருவான ‘வாடைக்காற்று’ (1978) என்ற ஈழத்துப் படத்தில் நடித்தார். 2018இற் சென்னையிற் காலமானார். தமிழகத்துச் சினிமாப் பாட்டே நமது செவிக்கு அளவுகோல் என்றிருந்த நாளில், இங்கிருந்து ஒரு பாட்டு அக்கரைக்குச் சென்று அங்குள்ளோரைத் தாளம் போட வைத்தது சிறு செய்தியன்று. வலை இழுக்கும் கரைகளெங்கும் அதனைப் பாடினர்: நீர்கொழும்பிலும் பாடினர், பருத்தித்துறையிலும் பாடினர். 1956இன் சட்டமும் 1958இன் கலவரமும் கண்ட பின்னரும் பாடினர். இதனைக் காட்டி இன ஒற்றுமை நிலவிய பொற்காலம் ஒன்றை நாம் புனையமாட்டோம். 1983 ஜூலையில் தீ வைத்தவர்களுள் அப்பாட்டுக்கு ஆடியவர்களும் இருந்திருப்பர். ஆனால் இரு மொழிக்காரரும் ஒருவரது சரக்கை மற்றவர் தயங்காது எடுத்தாண்ட ஒரு தளம் இருந்தது என்பதற்கு இத்தட்டுகள் சான்று. அரசியல் மேடைகளில் அச்சான்று கிடையாது.

இந்தச் சான்று எஞ்சியது எப்படி என்பதும் ஒரு வரலாறே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1987 மே, ஜூன் மாதங்களில் வடமராட்சியைப் படை நடவடிக்கை சூறையாடியது. வீடு விட்டு ஓடுபவன் பிள்ளையையும் உறுதியையும் தூக்குவான். வெயிலில் வளையும், விழுந்தாற் கீறும் தட்டைத் தூக்கமாட்டான். 1990இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுழற்றி, டைனமோவின் மின்னில் வானொலியும் கசெற்றும் கேட்ட தலைமுறை அது. அக்கசெற்றிற் பதிந்திருந்த பாட்டு வாழ்ந்தது. மின்தட்டுச் சுழலி வேண்டிய இசைத்தட்டு பரணிற் கிடந்தது, அல்லது கூரையோடு போயிற்று. ஆகவே இன்று பருத்தித்துறையில் ஒரு தட்டுக் கீறலின்றி ஒலிக்குமாயின் அதன் பின்னே ஒருவருடைய பிடிவாதம் இருக்கிறது.

இப்பொழுது உலகச் சந்தை பழைய தட்டின் மீது காதல் கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 2022இல் நான்கு கோடிக்கு மேற்பட்ட வினைல் இசைத்தட்டுகள் விற்றன. எண்ணிக்கையிற் குறுந்தட்டுகளை அவை விஞ்சியது 1987இன் பின் அதுவே முதற்றடவை. பிரான்சின் ‘அக்குபோன்’ நிறுவனம் 2010களின் பிற்பகுதியில் இலங்கையின் சிங்கள, தமிழ் நாட்டார்–பொப் பாடல்களைத் தொகுத்து இசைத்தட்டாகவே வெளியிட்டது. அத்தகைய முயற்சியை நாம் வெறுக்கவில்லை. நமது பொருளை நாம் பேணாதபோது பேணியவரைக் குறைகூற என்ன உரிமை? எனினும் பாரிசில் அதனை வாங்குபவன் கேட்பது தூரதேசத்துப் புதுமையை. மாமியும் மருமகனும் எதைப் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. அது தெரியவேண்டியவர் நமது மாணவர். அவர்களிடமோ பாட்டு, கைத்தொலைபேசியில், ஆண்டும் பெயரும் இழந்து, வேறு நான்கு பாட்டுகளோடு ஒட்டிக் கிடக்கிறது.

2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து அச்சுப் பிரதிகளை எண்ணிமமாக்கிச் செய்துவரும் பணியை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஒலிக்கும் அவ்வாறே செய்யலாம்; ஒரு கல்லூரியின் தமிழ் மன்றம் ஓர் ஆண்டில் தன் ஊர்த் தட்டுகளையும் கசெற்றுகளையும் பட்டியலிட்டு முடிக்கலாம். பாட்டை மட்டும் படியெடுப்பது போதாது. நாம் கேட்ட தட்டுகளின் நடுவட்டத்திற் பாடியவர் பெயர் அச்சாகியிருந்தது. பொங்கோ அடித்தவர், கிற்றார் மீட்டியவர், பின்னணியில் ஒத்துப் பாடிய பெண் ஆகியோரின் பெயர்கள் இல்லை. அன்று இருபது வயதினராக இருந்தோர் இன்று எண்பதை அண்மிக்கின்றனர். அவர்களிற் சிலர் வடமராட்சியில் இருக்கின்றனர், சிலர் கொழும்பில், சிலர் மெல்பேணிலும் ரொறன்ரோவிலும். கேட்டால் சொல்வார்கள்.