கனவின் வால் நுனி

1830-களின் பாரிஸில் 13 வயதுப் பையன் ஒருவன். வீட்டிலேயே படிப்பு. பாடம் முடிந்த நேரத்தில் படம் வரைவான். ஒருநாள், தான் கண்ட விசித்திரமான கனவொன்றை வரைந்து வண்ணம் தீட்டிப் பார்த்தான். பிடித்துப்போயிற்று. இதற்கென்றே தனியாக ஒரு ஆல்பம் போட்டுக்கொண்டான். ஒவ்வொரு படத்தோடும், அந்தக் காட்சி எப்படி வந்தது, எப்படிக் கலைந்தது என்று ஒரு குறிப்பு.

அந்தப் பையன்தான் எர்வே த சேன்-தெனி. பின்னாளில் சீனமொழி அறிஞராகி, தாங் காலத்துக் கவிதைகளை பிரெஞ்சுக்குக் கொண்டுவந்து, கொலேஜ் த பிரான்ஸில் பேராசிரியராக அமர்ந்தவர். சீனம் படித்தவர்களுக்கு அவர் அப்படி. என் போன்றவர்களுக்கு அவர் வேறொரு கலையின் வாத்தியார். கண்ட கனவைச் சிந்தாமல் சிதறாமல் விழிப்பின் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற கலை அது. கனவுகளையும் அவற்றை நம் போக்கில் நடத்தும் வழிகளையும் பற்றி 1867-ல் அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அட்டையில் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. அதற்குப் பின்னால் இருந்த முதல், படங்களோடு கூடிய 22 நோட்டுகள். 1,946 இரவுகளின் கணக்கு.

எண்ணிக்கையைவிட என்னைச் சொக்கவைப்பது அந்தக் கணக்கின் வரிசை. பையன் முதலில் பழகியது நினைவுகொள்வதை மட்டும்தான். எழுத எழுத ஞாபகம் கூடிற்று. 207-ஆம் இரவில்தான் முதன்முதலாக, கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று அவனுக்கு உறைத்தது. 15 மாதங்களில் அது அநேகமாகத் தினசரி வழக்கமாகிவிட்டது. இன்று இதைத் தெளிவுக் கனவு என்கிறோம். அது வேண்டும் என்று அலைகிறவர்கள் பலர். கண்டதை மறந்துவிடுகிறவனுக்கு அது வந்தும் வராத கணக்குத்தான். வந்துபோனதே தெரியாது.

“எனக்குக் கனவே வருவதில்லை” என்பவர்களை நான் நம்புவதில்லை. தூக்கத்தில் கண்கள் இமைக்குள் விறுவிறுவென்று அலைகிற ஒரு கட்டம் உண்டென்று சிகாகோவில் அசரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் அறிவித்தார்கள். நான்கு ஆண்டு கழித்து டிமென்ட்டும் கிளைட்மனும் அந்தக் கட்டத்தில் ஆட்களை 191 முறை எழுப்பிப் பார்த்தார்கள். 152 முறை கனவு கையோடு கிடைத்தது. கனவு வருகிறது, நாம்தான் அதைத் தவறவிடுகிறோம். கனவு செழிக்கும் அந்த நேரத்தில் மூளையில் நோர்அட்ரினலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அனுபவத்தைப் பதியவைக்க உதவுகிற அந்தப் பொருள் இல்லாமல்போவதும் மறதிக்கு ஒரு காரணம் என்று கருதப்படுகிறது. மை வற்றிய பேனாவால் எழுதியது போல என்று நினைத்துக்கொள்ளலாம். எழுத்து தெரியாது, தடம் மட்டும் இருக்கும். காகிதத்தை வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் படித்துவிடலாம். அப்படிச் சாய்த்துப் பிடிக்கிற கைதான் இந்தக் கலை.

அதற்கு நல்ல நேரம் எது? விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார் என் பாட்டி. பலிக்குமோ என்னவோ, நினைவில் நிற்கும். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும் தூக்கத்தில், முதல் சுற்றுக் கனவு பத்து நிமிடம்கூடத் தேறாது. விடியும் தறுவாயில் அதுவே அரைமணி, முக்கால் மணி என்று நீளும். மேலும், விழிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. தூக்கிவர வேண்டிய தூரம் குறைவு.

தூக்கிவருவது கிணற்றில் நீர் இறைப்பது மாதிரி. பதறி இழுத்தால் வாளி சுவரில் இடித்துப் பாதித் தண்ணீர் உள்ளேயே கொட்டிவிடும். விழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காமல், கை காலை அசைக்காமல் கிடக்க வேண்டும். இன்றைக்கு என்ன கிழமை, யாருக்குப் பணம் தர வேண்டும் என்ற நினைப்பு ஒன்று நுழைந்தால் போதும், வாளி காலி. கையில் முதலில் அகப்படுவது கடைசிக் காட்சி, அதாவது கனவின் வால் நுனி. அதை விடாமல் பிடித்துக்கொண்டு, ‘இதற்கு முன்னால்?’ என்று கேட்க வேண்டும். அது வந்ததும், ‘அதற்கு முன்னால்?’ கனவு முன்னோக்கி நடந்தது; நினைவு பின்னோக்கி நடக்கிறது. ஒன்றுமே அகப்படாத நாளில், இரவு எந்தப் பக்கம் சாய்ந்து கிடந்தோமோ அந்தப் பக்கம் மெல்லத் திரும்பிப் படுத்தால், சில சமயம் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

பிறகுதான் பென்சில். அப்போதும் கதையாக எழுதக் கூடாது. பெயர்ச்சொற்கள் போதும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘பச்சைப் படிக்கட்டு. ஈரத் துண்டு. மாமாவின் குரல், ஆள் வேறு.’ வாக்கியமாக்கத் தொடங்கினால் ‘அதனால்’, ‘பிறகு’ என்று கனவில் இல்லாத சொற்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதைவிடப் பெரிய இடைஞ்சல், ‘இதற்கு என்ன பலன்?’ என்ற கேள்வி. கனவுக்குப் பலன் சொல்ல நம்மிடம் ஒரு நூலே உண்டு. வீட்டுக்கு வீடு பலன் சொல்ல ஆளும் உண்டு. பாம்பு வந்தது என்று வாயெடுத்தால் போதும், அது கடித்ததா துரத்தியதா என்பதோடு விசாரணை முடிந்துவிடும். அந்தப் பாம்பு என்ன நிறம், எந்த வெயிலில் கிடந்தது, அதைப் பார்த்து நமக்கு ஏன் பயமே வரவில்லை என்பதெல்லாம் காற்றோடு போய்விடும். பலன் தேடுகிறவனுக்குக் கனவு ஒரு தந்தி. ரசிகனுக்கு அது கச்சேரி.

ஒரு துளி ருசி காட்டுகிறேன். ஃப்ரெடெரிக் வான் ஏடன் என்ற டச்சுக்காரர் மனநல மருத்துவர், எழுத்தாளர். தெளிவுக் கனவு என்ற பெயர் 1913-ல் அவர் எழுதிய கட்டுரையால் நிலைத்தது. அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் அப்படிப்பட்ட கனவுகள் 352-ஐக் குறித்துவைத்திருந்தார். அவற்றில் ஒன்றில், இது கனவுதானே என்று தெரிந்தே, மேசைமேல் இருந்த மெல்லிய ஒயின் கிளாஸை ஓங்கிக் குத்துகிறார். உடையவில்லை. சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பார்த்தால் உடைந்து கிடக்கிறது! தன் முறையைத் தவறவிட்டுத் தாமதமாக மேடைக்கு வந்த நடிகன் போல. சுமாரான கதைசொல்லி குத்திய உடனே கிளாஸை உடைத்திருப்பான். வான் ஏடன் அந்தத் தாமதத்தைத் தாமதமாகவே எழுதிவைத்தார். கனவு உலகின் தனிச் சுவை அந்த ஒரு நொடித் தாமதத்தில் இருக்கிறது.

அவர் எச்சரித்த பொல்லாத கண்ணி ஒன்றும் உண்டு: பொய் விழிப்பு. விழித்துக்கொண்டோம் என்று கனவிலேயே நினைத்துக்கொள்வது. கனவு எழுதுகிறவர்களைத் தேடிப் பிடிக்கும் வேடிக்கை இது. நானும் ஒருமுறை இரண்டு பக்கம் நுணுக்கி நுணுக்கி எழுதி, திருப்தியோடு நோட்டை மூடினேன். பிறகு நிஜமாகவே விழித்தேன். நோட்டில் நேற்றைய தேதிக்குக் கீழே வெற்றிடம். சோம்பலில் எழுதாமல் விட்ட நாள் எதற்கும் அத்தனை வருத்தம் வந்ததில்லை.

தெளிவுக் கனவு வெறும் கதையல்ல என்பதற்கு 1975-ல் இங்கிலாந்தின் ஹல் நகரில் சான்று கிடைத்தது. உறங்கிக்கொண்டே ஒருவர், பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் ஓட்டிக் கனவுக்குள்ளிருந்து சைகை அனுப்பினார். சில ஆண்டுகளில் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் அதைத் தனியே செய்து காட்டினார். தெளிவுக் கனவை வரவழைக்க அவர் சொன்ன முறையின் முதல் படி என்ன தெரியுமா? நடு இரவில் கனவிலிருந்து விழித்தால், கண்டதை முழுவதுமாக நினைவுக்குக் கொண்டுவருவது. அடுத்த கனவில் இது கனவென்று ஞாபகம் வர வேண்டும் என்ற தீர்மானத்தோடு உறங்கப்போவது அதற்குப் பிறகுதான். சேன்-தெனியின் வரிசை அப்படியே இருக்கிறது.

பதற்றம் எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு விஞ்ஞானி ஆட்டோ லோவியின் கதை போதும். நரம்பின் செய்தி வேதிப்பொருள் வழியாகப் போகிறதா என்று சோதிக்கும் யோசனை அவருக்கு ஓர் இரவு வந்தது. எழுந்து ஒரு துண்டுக் காகிதத்தில் கிறுக்கிவிட்டு மறுபடி படுத்துவிட்டார். காலையில் தன் கையெழுத்தே தனக்குப் புரியவில்லை. பகல் முழுவதும் மண்டையைக் குடைந்தும் பயனில்லை. அதிர்ஷ்டம், அடுத்த இரவு 3 மணிக்கு அதே யோசனை திரும்பி வந்தது. இந்தமுறை காகிதத்தை நம்பாமல் நேரே ஆய்வுக்கூடம் போய்த் தவளை இதயங்களை எடுத்துவைத்துச் சோதனையைத் தொடங்கிவிட்டார். 1936-ல் நோபல் பரிசு. எல்லோருக்கும் இரண்டாம் இரவு வாய்ப்பதில்லை.

முழுதாக நினைவுகொள்கிறவனுக்குக் கிடைக்கும் பரிசு வேறு மாதிரி. சேன்-தெனிக்கு ஒரு பொல்லாத கனவு திரும்பத் திரும்ப வந்தது. அறை அறையாக ஓடுகிறார். கதவைச் சாத்தச் சாத்த, பூதக் கூட்டம் திறந்துகொண்டு பின்னாலேயே வருகிறது. ஒருமுறை, இது கனவென்று தெளிந்ததும், சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, முன்னால் வந்த பூதத்தை நிதானமாகப் பார்க்கத் தொடங்கினார். தேவாலய வாசலில் செதுக்கிய, பல்லிளிக்கும் பிசாசுகள் போல இருந்தது அது. ஒரு சிற்பத்தை நோக்குவதுபோல உறுப்பு உறுப்பாக நோக்கினார். பார்க்கப் பார்க்க மற்றவை மறைந்தன. அதுவும் சாயம் போன கந்தல் வேஷமாகத் தொளதொளத்துக் கலைந்தது. நோட்டுக்காகக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண், கனவுக்குள்ளேயே வேலைசெய்துவிட்டது.

அந்த 22 நோட்டுகளும் இன்று கிடைக்கவில்லை. புத்தகமேகூட நெடுங்காலம் அரிதாக இருந்தது. எவ்வளவோ முயன்றும் ஒரு பிரதி கிடைக்கவில்லை என்று ஃபிராய்டே குறைப்பட்டிருக்கிறார். 1,946 இரவுகளைக் காப்பாற்றிய கைக்கு இப்படி ஒரு முடிவு.

போன வாரம் என் பழைய நோட்டைப் புரட்டியபோது அந்தப் பச்சைப் படிக்கட்டுப் பக்கம் வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் மூன்று வரி போதுமாக இருந்தது; படிக்கட்டு அப்படியே எழுந்து நின்றது. அதன் ஏழாவது படி உடைந்திருப்பதும் தெரிந்தது. அன்றைக்கு அதை எழுதியிருக்கவில்லை. நிஜமாகவே உடைந்திருந்ததா, இப்போது நான் உடைத்தேனா? பென்சிலைக் கையில் எடுத்தேன். ஒன்றும் சேர்க்காமல் நோட்டை மூடிவைத்தேன்.