ராஜா எங்கே படுத்துக்குவார்?

போன கோடை லீவில் அக்கா மகளை மஹாலுக்குக் கூட்டிப் போனேன். மதுரைக்காரர்களுக்கு மஹால் என்றால் திருமலை நாயக்கர் மஹால்தான், அடைமொழி தேவையில்லை. முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். தூணைக் கட்டிப்பிடித்துப் பார்த்தாள், கை எட்டவில்லை. புறாக்களை விரட்டினாள். சிம்மாசனம் இருக்கும் இடத்துக்கு வந்ததும் கேட்டாள்: "மாமா, ராஜா எங்க படுத்துக்குவாரு? அடுப்படி எங்க இருக்கு?"

"அதெல்லாம் இடிஞ்சு போச்சும்மா" என்று சொல்லி ஐஸ் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த ரெண்டு கேள்வியும் என்னை விடவில்லை. சின்ன வயசிலிருந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒருநாளும் எனக்குத் தோன்றாத கேள்விகள். ஒரு வீட்டைப் பார்க்கப் போய், அங்கே வீடே இல்லை என்பதைக்கூடக் கவனிக்காமல் நாம் எப்படித் திரும்பி வருகிறோம்?

இன்றைக்கு நிற்பது என்ன என்று பார்ப்போம். ஒரு பெரிய முற்றம். அதைச் சுற்றித் தூண் வரிசை. தூண்களுக்கு மேலே இதழ் இதழாக வெட்டிய வளைவுகள், அவற்றுக்கும் மேலே சுதையில் செய்த யாளிகள். எதிரே குவிமாடத்தோடு சொர்க்க விலாசம், அதையொட்டி நாடக சாலை. அவ்வளவுதான். அத்தனையும் ஆள் கூடுகிற இடம். ராஜா உட்கார, மற்றவர்கள் நிற்க, ஆட்டம் பார்க்க, வழக்குச் சொல்ல. ஒரு மனுஷன் தனியாக இருப்பதற்கு இங்கே ஒரு மூலைகூட இல்லை. முற்றத்தின் நடுவில் நின்றால் எல்லாத் தூணும் நம்மையே பார்க்கிற மாதிரி இருக்கும். நம்மைச் சின்னதாக்கிக் காட்டுவதுதான் இந்தக் கட்டடத்தின் வேலை. அதை அது கச்சிதமாகச் செய்கிறது.

திருமலை நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. மஹால் 1636-ல் கட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். இன்று மிஞ்சியிருப்பது மொத்த அரண்மனையில் கால்வாசிதான். சொர்க்க விலாசம் ராஜாவுக்கு, ரங்க விலாசம் தம்பி முத்தியாலு நாயக்கருக்கு என்பது வழிவழியாக வரும் பேச்சு. பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார். அப்புறம் கேட்பாரில்லை.

மிச்சத்தைக் காப்பாற்றியது 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்த நேப்பியர். பழுதுபார்க்கும் வேலையில் கை வைத்தவர் ராபர்ட் சிஷோம் என்ற கட்டடக் கலைஞர். காப்பாற்றியதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. வெள்ளைக்காரர்களுக்குக் கோர்ட்டும் ஆபீசும் நடத்த இடம் வேண்டியிருந்தது. 1970 வரை இங்கே ஜில்லா கோர்ட் நடந்தது. நாயக்கர் நீதி சொன்ன கூடத்தில் கவுன் போட்ட ஜட்ஜ் உட்கார்ந்தார், ராஜாவுக்கு முன்னால் கைகட்டி நின்ற ஜனம் ஜட்ஜுக்கு முன்னாலும் அதே மாதிரி நின்றது. கோர்ட் போனபிறகு மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. அதிகாரத்துக்குப் பயன்பட்ட பகுதி தப்பித்தது. படுக்கையறையையும் அடுப்படியையும் வைத்து எந்த சர்க்கார் என்ன செய்யும்?

மஹாலைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ரெண்டு விஷயம் சொல்வார்கள். ரெண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

முதலாவது, இதைக் கட்டியவர் ஒரு இத்தாலியர் என்பது. வளைவையும் குவிமாடத்தையும் பார்த்தவுடன் ஐரோப்பாவுக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறோம். மஹால் எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே ஹம்பியில் தாமரை மஹாலில் இதே மாதிரி இதழ் வளைவுகள் வந்துவிட்டன. நாயக்கர்கள் விஜயநகரத்தின் பிள்ளைகள். பீஜப்பூரில் அதே காலத்தில் எழும்பிக்கொண்டிருந்த கோல் கும்பஸ் 1656-ல் முடிந்தது. தக்காணத்துக் கொத்தனார்களுக்குக் கைவந்த வித்தை அது. பக்கத்து வீட்டைப் பார்க்காமல் கப்பல் ஏறுவானேன்?

ரெண்டாவது, இது இந்தோ-சாரசெனிக் பாணி என்பது. அந்தப் பெயரே 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் தாங்கள் கட்டிய கட்டடங்களுக்கு வைத்துக்கொண்டது. மெட்ராஸில் அந்தப் பாணியைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர் இதே சிஷோம். சேப்பாக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் அவர் கட்டியது, 1879-ல் முடிந்தது. மஹாலை அங்குலம் அங்குலமாகப் பார்த்த கண் அது. அப்படியிருக்க மஹாலை இந்தோ-சாரசெனிக் என்பது, பேரனைப் பார்த்துவிட்டு வந்து, தாத்தாவிடம் "நீங்க உங்க பேரன் ஜாடை" என்று சொல்கிற மாதிரி.

என்னைக் கேட்டால் மஹாலில் பார்க்க வேண்டியது பாணியை அல்ல, சுண்ணாம்பை. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் புதுமண்டபமும் இதே திருமலை நாயக்கர் கட்டியதுதான். அது முழுக்கக் கருங்கல், தூணுக்குத் தூண் சிற்பம். தன் முன்னோரோடு தானும் அதில் சிலையாக நிற்கிறார். சாமிக்குக் கல்லில் கட்டியவர், தனக்குச் செங்கல்லும் சுண்ணாம்பும் போதும் என்று விட்டார். நம் ஊரில் பழைய வழக்கம் அது. கல் தெய்வத்துக்கு, மனுஷனுக்கு அழியக்கூடியது. அத்தனை உயரமாக, அத்தனை ஆணவமாக நிற்கும் கட்டடத்தின் உள்ளே இப்படி ஒரு அடக்கமும் இருக்கிறது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு தந்தம் மாதிரி வழவழக்கும். ஆனால் அது உயிருள்ள தோல். மழையில் ஊறும், வெயிலில் உதிரும், திரும்பத் திரும்பக் கை பட வேண்டும். இந்தச் சுவர் மேல் சிமெண்டும் பெயிண்டும் போனால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரையே தின்றுவிடும். இப்படிப்பட்ட கட்டடத்துக்குப் பாதுகாப்பு என்பது கம்பி வேலி இல்லை, சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார்.

சரி, மருமகள் கேட்ட வீடு எங்கே? மஹாலை விட்டு வெளியே வந்து வடக்கே நடந்தால், விளக்குத்தூண் பக்கம் பத்துத்தூண் சந்து இருக்கிறது. ரெண்டு பக்கமும் ஜவுளிக்கடை. நைட்டியும் லுங்கியும் தொங்குவதற்கு நடுவே பத்துப் பெரிய கல்தூண்கள், தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமல் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அரண்மனையின் மிச்சம். ஒரு கடைக்காரரிடம் இது என்ன என்று தெரியாதவன் போலக் கேட்டேன். "ராஜா வீடுண்ணே. இப்ப நம்ம ஏரியா" என்றார். பக்கத்தில் நவபத்கானா தெரு என்று ஒன்று உண்டு. நௌபத் கானா என்றால் அரண்மனையில் மேளமும் வாத்தியமும் முழங்கும் இடம். வாத்தியம் போய், கட்டடம் போய், பெயர் மட்டும் வீட்டு விலாசமாக ஓடிக்கொண்டிருக்கிறது. காணாமல்போன முக்கால்வாசி இங்கேதான் கரைந்திருக்கிறது. அங்கே இன்றைக்கும் சனம் சமைக்கிறது, தூங்குகிறது.

இன்னொரு இடத்திலும் அந்த வீட்டைப் பார்த்தேன். 'பம்பாய்' படத்தின் 'கண்ணாளனே' பாட்டு இங்கே எடுத்ததுதான். அதில் மஹால் ஒரு கல்யாண வீடு. பெண்கள் கூடி ஆடுகிறார்கள், ஒருத்தி தூண் மறைவில் நின்று ஒருவனைப் பார்க்கிறாள். நம்மைச் சின்னதாக்கக் கட்டிய தூண், ஒளிந்துகொள்ள வாகான தூணாகிவிடுகிறது. மஹாலைப் பற்றி வந்த நல்ல விமர்சனங்களில் அந்தப் பாட்டையும் ஒன்றாகச் சேர்ப்பேன்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. முற்றத்தின் தரையில், இல்லாத முக்கால்வாசிக்கும் ஒரு வரைபடம் போட்டு வைக்க வேண்டும். இங்கிட்டுப் பத்துத்தூண், அங்கிட்டு நவபத்கானா என்று கோடு இழுத்துக் காட்ட வேண்டும். வருகிற பிள்ளைகள் நிற்பதை மட்டும் பார்த்துவிட்டுப் போகக்கூடாது.

அடுத்த லீவுக்கு அவள் வரும்போது டிக்கெட் கவுண்டருக்குப் போவதாக இல்லை. நேரே பத்துத்தூணுக்குக் கூட்டிப்போய் ஒரு பாவாடைத் துணி எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து மஹாலுக்கு நடத்திக் கூட்டி வரலாம் என்றிருக்கிறேன். ராஜா எங்கே படுத்தார் என்று அப்பவும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் வீட்டு வழியாக நடந்துதான் வந்தோம் என்று சொல்லலாம்.