நகரத்தின் மனப்படம்: யாருடைய மனம்?

கெவின் லிஞ்ச் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நகரத்தின் படிமம்’ என்னும் நூல், மக்கள் மனத்திலுள்ள ஊரை வரைபடமாக்கி அதனையே வடிவமைப்புக் கருவியாக்கியது. பாதை, விளிம்பு, வட்டாரம், சந்தி, அடையாளச் சின்னம் என்னும் அவர்தம் ஐங்கூறுகள் இன்றும் பயிலப்படுகின்றன. ஆயின் அவற்றின் அடித்தளத்தை நாம் போதிய அளவு நோக்கினோமில்லை. பாஸ்டனில் வினவப்பட்டோர் 30 பேர். ஜெர்சி சிட்டியிலும் லாஸ் ஏஞ்சலிசிலும் 15 பேர் வீதம். அவர்களுள் பெரும்பாலோர் உயர்தொழில் புரிவோரும் மேலாண்மைப் பணியினருமே. இக்குறையை லிஞ்சே தம் நூலில் ஒப்புகிறார். அவரை மேற்கோள் காட்டுவோர்தாம் அதனை விட்டுவிடுகின்றனர்.

இக்குறை எத்துணைப் பெரிது என்பதை 1971இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் திட்டத்துறை வெளியிட்ட மனப்படங்கள் காட்டின. வசதி படைத்த வெஸ்ட்வுட் வாசிகளின் படம் நகரின் பெரும்பரப்பைத் தழுவியது. பாயில் ஹைட்ஸில் வாழ்ந்த ஸ்பானிய மொழியினரின் படத்திலோ தம் தெருக்களும் நகர மண்டபமும் பேருந்து நிலையமுமே இருந்தன. இதனை அறியாமை எனல் பொருந்தாது. காரில் செல்வோர் காணும் நகரம் ஒன்று. பேருந்துக்குக் காத்திருப்போர் காணும் நகரம் மற்றொன்று. இவற்றைக் கூட்டிச் சராசரிப் படம் வரையும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அவ்வாறு கூட்டுங்கால் சிறிய படம் பெரியதனுள் கரைந்துபோகிறது. பேருந்து நிலையம் எங்கு அமைய வேண்டும் என்பதைச் சொல்ல வல்லதோ அச்சிறிய படமே.