வாக்குரிமைக்கு விண்ணப்பித்த ஸ்திரீகள்

ஹைதராபாத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சார்மினாரையும் ஸாலார் ஜங் கலைக்கூடத்தையும் பார்த்ததோடு திருப்தியடைந்து விடுகிறார்கள். நாம்பள்ளிப் பக்கத்தில் 'கோல்டன் திரெஷோல்ட்' என்ற பெயரோடு நிற்கும் பழைய இல்லத்துக்கும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். 1905-இல் வெளிவந்த சரோஜினி நாயுடு அம்மையாரின் முதல் கவிதைத் தொகுதியின் பெயரைத் தாங்கிய இவ்வில்லத்தில்தான் 1974-இல் ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆரம்பமாயிற்று. பிற்காலத்தில் நாடகக் கலைக்கும் இது உறைவிடமாயிற்று.

வங்காளக் குடும்பத்தில் உதித்து, உருதுவும் தெலுங்கும் கலந்தொலிக்கும் நகரத்தில் வளர்ந்து, ஆங்கிலத்தில் கவிதை செய்த அவ்வம்மையார், 1917 டிசம்பரில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் அரசாங்கத்தின் இந்தியா மந்திரி மாண்டேகுவிடம் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்று விண்ணப்பித்த தூதுக்குழுவுக்குத் தலைமை வகித்தார். அவ்வாண்டு அடையாற்றில் தோன்றிய இந்திய மாதர் சங்கத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவரான டோரதி ஜினராஜதாஸா அம்மையார் இலங்கையர் ஒருவரின் பத்தினி என்பதை நினைக்கும்போது, இவ்விரு தேசத்துப் பெண்களின் கோரிக்கைகளும் தொடக்கத்திலேயே உறவு பூண்டிருந்தன என்று தோன்றுகிறது.

ஆனால் பலன் ஒன்றாக இருக்கவில்லை. இந்தியாவில் 1919-ஆம் வருஷத்து அரசாங்கச் சட்டம் இப்பிரச்னையை மாகாண சட்டசபைகளிடம் தள்ளிவிட்டது. 1921-இல் சென்னை சட்டசபை பெண்கள் வாக்களிப்பதற்கிருந்த தடையை நீக்கிய போதிலும், சொத்துத் தகுதி அப்படியே இருந்ததால் கழனியில் நாற்று நட்டவளுக்கு அதனால் யாதொரு பிரயோஜனமும் விளையவில்லை.

இலங்கையில் 1927-இன் இறுதியில், அரசியல் சீர்திருத்தத்தை ஆராய டொனமூர் கமிஷன் வந்திறங்கிய காலத்தில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. அதன் உறுப்பினர்களும் கல்வியும் செல்வமும் உடைய குடும்பத்தினரே. முதலில் அவர்கள் நாடியதும் வரையறுக்கப்பட்ட உரிமையைத்தான். எனினும், தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் இதைக் கொடுக்க வேண்டுமா என்று கமிஷனர்கள் வினவியபோது, அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அச்சங்கத்தைச் சேர்ந்த அக்னெஸ் டி சில்வா அம்மையார் பதிலிறுத்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். தம் மொழியைப் பேசாத, தம் வீட்டு வாசலை மிதித்திராத பெண்களுக்காக அந்தக் கணத்தில் பிறந்த அப்பதிலை, அழகிய ஆங்கிலத்தில் அமைந்த எத்தனையோ விண்ணப்பங்களைக் காட்டிலும் நான் மேலாக மதிக்கிறேன். ஸர் பொன்னம்பலம் இராமநாதனைப் போன்ற கல்விமானே இவ்வுரிமையை எதிர்த்து நின்றார் என்பது தமிழர் மனத்தை வருத்துவதாகும்.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும் என்று கமிஷன் சொன்னது பின்னர் இருபத்தொன்றாகத் தளர்த்தப்பட, 1931-இல் இலங்கைப் பெண்கள் வாக்களித்தார்கள். யாழ்ப்பாணத்தில் மட்டும் வாலிபர் காங்கிரஸின் பகிஷ்காரத்தால் அத்தேர்தல் நடைபெறாமற் போக, அங்குள்ள பெண்கள் 1934 வரையில் காத்திருக்க நேர்ந்தது.

நிஜாமின் ஆட்சிக்குட்பட்டிருந்த ஹைதராபாத்துப் பெண்கள், சொத்தும் எழுத்தறிவும் கேளாத வாக்குரிமையைச் சுதந்திர இந்தியாவின் முதற் பொதுத் தேர்தலில்தான் பெற்றார்கள். மாசுமா பேகம் அம்மையார் ஹைதராபாத் சட்டசபை அங்கத்தினரானது அத்தேர்தலிலேதான். தம் சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே சொன்னதால், தேசமெங்கும் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் அந்த முதல் வாக்காளர் பட்டியலில் இடம் இழந்தார்கள் என்பதும் உண்மையே. ஆயினும் அது பெயரைச் சொல்லிய மாத்திரத்தில் தீரக்கூடிய குறையாக இருந்தது. இலங்கையிலோ, 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டமும் அடுத்த வருஷத்துத் தேர்தல் திருத்தமும், அக்னெஸ் அம்மையார் யாருக்காகப் பேசினாரோ அந்தத் தோட்டத்துப் பெண்களின் வாக்கையே பறித்துக்கொண்டன. அவற்றால் நாடற்றவராகி எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003-இல். 1931-இல் இருபத்தொரு வயதில் வாக்களித்த கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி அன்று ஜீவித்திருந்தால், அவளுக்கு வயது தொண்ணூற்று மூன்று.